மந்தை காக்கும் காங்கல் நாய்

துருக்கி நாட்டின் பெரும்பகுதி ஆசியக் கண்டத்தில் அமைந்துள்ளது. அப்பகுதியை அனத்தோலியா என்பர். அதன் நடுவே, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், ஒரு பெரிய மேட்டுநிலம் பரந்து கிடக்கின்றது. கிழக்கே செல்லச் செல்ல அந்நிலம் மேலும் உயர்ந்து மலைகளோடு சேர்கின்றது. அங்கே உள்ளது சிவாஸ் மாகாணம். துருக்கியின் எல்லைக்குள்ளேயே பிறந்து, அவ்வெல்லைக்குள்ளேயே கடலை அடையும் ஆறுகளுள் மிக நீண்டதாகிய கிசில் இர்மாக் இம்மாகாணத்தில்தான் தோன்றுகின்றது. கிசில் இர்மாக் என்பதற்குச் செவ்வாறு என்பது பொருள். சிவாஸ் நகரத்திற்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காங்கல் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூரைச் சுற்றியுள்ள நிலத்தில் மரங்கள் மிகக் குறைவு. கண்ணுக்கெட்டிய தொலைவும் புல்வெளிகளும் மொட்டைக் குன்றுகளுமே காணப்படும். கோடையில் வெயில் கடுமையாக எரிக்கும். குளிர்காலமோ நீண்டது, பனி பல நாட்கள் நிலத்தை மூடிக் கிடக்கும். அந்நாட்களில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்குவதும் உண்டு.

இத்தகைய நிலத்தில் உழவைக் காட்டிலும் ஆடு வளர்த்தலே மக்களுக்குப் பெரிதும் கைகொடுப்பதாகும். அவ்வூரார் வளர்க்கும் செம்மறி ஆட்டிற்குக் காங்கல் அக்கராமான் என்று பெயர். வாலில் கொழுப்புத் திரண்டு தொங்கும் இனம் அது. உடல் முழுவதும் வெண்மையாக இருக்கும். வாய்முனையிலும் கண்ணைச் சுற்றியும் மட்டும் கருமை காணப்படும். ஒரு குடும்பத்தின் பாலும், வெண்ணெயும், கம்பளியும், திருமணச் செலவும், பிள்ளைகளின் கல்வியும் இவ்வாடுகளிலிருந்தே வருகின்றன. ஆகவே, ஆட்டுக்கு வரும் தீங்கு அக்குடும்பத்திற்கே வரும் தீங்காகும்.

அத்தீங்குகளுள் தலையாயது ஓநாய். கரடியும் நரியும் அங்கு உண்டு என்றாலும், ஆயர் அஞ்சுவது ஓநாயையே. ஓநாய் தன் பசிக்கு வேண்டிய ஓர் ஆட்டை மட்டும் கொன்று செல்லும் என்று எண்ணுதல் தவறு. வெருண்டு மருண்டு, ஓடவும் வழியறியாது நெருங்கி நிற்கும் பட்டிக்குள் அது புகுந்துவிட்டால், தன்னால் தின்ன முடியாத அளவுக்கும் கொன்று குவித்துவிடும். கெபெனெக் எனப்படும் தடித்த கம்பளிப் போர்வைக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு ஆயன் இரவு முழுவதும் காத்திருந்தாலும், சில நூறு ஆடுகளை இருட்டில் ஒருவன் தன் இரு கண்களால் எங்ஙனம் காப்பான்? அவனுக்குக் கண்ணாகவும் செவியாகவும் மூக்காகவும் துணைநின்ற விலங்கே, அவ்வூரின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட காங்கல் நாய்.

இந்நாயின் தோற்றம் எளிதில் மறக்கக்கூடியதன்று. ஆண் நாய் தோள்வரை 72 முதல் 78 செண்டிமீட்டர் உயரமும், 48 முதல் 60 கிலோகிராம் எடையும் உடையதாக இருக்கும். பெண் நாய் இதனினும் சற்றுச் சிறியது. உடல் வெளிர் மஞ்சளாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருக்கும். முகமும் செவிகளும் கருமை நிறம் கொண்டவை. வால் முதுகின்மேல் வளைந்து சுருண்டிருக்கும். மேலே முரட்டு மயிரும் அதன் கீழே பஞ்சு போன்ற அடர்ந்த மயிருமாக இருவகை மயிர் உண்டு. கோடை வந்ததும் உள்மயிர் உதிர்ந்துவிடும். ஆகவே, குளிர், வெயில் இரண்டையும் திறந்தவெளியிலேயே தாங்கி வாழ்கின்றது.

கருமுகம் பற்றித் துருக்கியர் இதனைக் கராபாஷ் என்றும் அழைப்பர். 'கரா' என்றால் கருமை. 'பாஷ்' என்றால் தலை. கருந்தலை என்பதே அச்சொல். தலையைச் சுட்டாமல் அத்தலையை உடைய நாயைச் சுட்டி நிற்பதால், நம் இலக்கண நூலார் இதனைப் பண்புத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை என்றே கூறுவர். துருக்கி மொழியும் தமிழைப் போலவே சொல்லின் பின்னே உருபுகளை ஒட்டிக்கொண்டு செல்லும் மொழியாதலின், இத்தகைய ஒப்புமைகளைக் காணும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாவதுண்டு. மேற்கு அனத்தோலியாவில் வாழும் மற்றொரு காவல் நாய் உடல் முழுதும் வெண்மையானது. அதன் பெயர் அக்பாஷ், அதாவது வெண்தலை.

இனி, இந்நாய் செய்யும் தொழில் யாது என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். ஆட்டு மந்தையோடு தொடர்புடைய நாய்கள் இருவகைப்படும். ஒருவகை, ஆயனின் சீழ்க்கை ஒலியைக் கேட்டு ஆடுகளை வளைத்து ஓட்டி ஒன்றுசேர்ப்பது. இங்கிலாந்து, ஸ்காத்லாந்து நாடுகளில் உள்ள மேய்ப்பு நாய்கள் அவ்வகையின. அவை ஆட்டை உற்று நோக்கிப் பதுங்கி நடப்பதும், சுற்றி ஓடுவதும் வேட்டைக் குணத்தின் பகுதிகளே. இறுதியில் கொல்லுதல் ஒன்று மட்டும் அவற்றினின்று நீக்கப்பட்டுள்ளது. காங்கல் நாயோ ஆட்டை ஓட்டுவதில்லை, வளைப்பதில்லை, உற்று விழிப்பதும் இல்லை. ஆடுகள் செல்லுமிடமெல்லாம் தானும் செல்லும். அவை படுத்தால் தானும் படுக்கும். புதிதாகக் காண்போர், 'இச்சோம்பேறி நாய்க்கு இத்தனை புகழா?' என்று கேட்பதும் உண்டு.

இக்குணம் எவ்வாறு வருகின்றது? ஒரு பாதி பிறப்பினால் வருவது. மறுபாதி வளர்ப்பினால் வருவது. நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரம் தொடங்கி ஏறத்தாழ நான்காம் மாதம் வரையுள்ள காலம் மிக இன்றியமையாதது. அக்காலத்தில் எவ்வுயிர்களோடு பழகி, எவ்வுயிர்களின் மணத்தை முகர்ந்து வளர்கின்றதோ, அவற்றையே அது தன் கூட்டமாகக் கொள்ளும். வீட்டில் குழந்தைகளோடு வளர்ந்த குட்டி மனிதரைத் தன் சுற்றமாக எண்ணும். பட்டியில் ஆடுகளோடு வளர்ந்த குட்டியோ ஆடுகளையே சுற்றமாக எண்ணும். காங்கல் ஆயர் இவ்வுண்மையை நூலில் படித்து அறிந்தவரல்லர். ஆயினும், குட்டிகளைத் தாயோடு பட்டியிலேயே விட்டு, ஆடுகளின் நடுவே வளர்த்து வருகின்றனர். ஆட்டுக்குட்டிகளோடு அவை ஒட்டிப் படுத்துக் குளிர் காய்கின்றன.

இம்முறை துருக்கியர்க்கு மட்டும் உரியதன்று. உயிரினங்களின் தோற்றம் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்ற சார்லஸ் டார்வின், 1833-ஆம் ஆண்டு தென்னமெரிக்காவில் உருகுவே நாட்டில் பயணம் செய்தபோது இதைப் போன்றதொரு முறையைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். அங்கே நாய்க்குட்டியை மிக இளமையிலேயே தாயிடமிருந்து பிரித்து, பட்டிக்குள் கம்பளி மயிரால் படுக்கை அமைத்து, பெண் ஆட்டின் பாலை ஊட்டி வளர்த்தனர். அவ்வாறு வளர்ந்த நாய், மனிதர் எவரும் உடன் இல்லாதபோதும், ஊரிலிருந்து நெடுந்தொலைவில் பெரிய மந்தையைத் தனியே காத்து நின்றதாம்.

எனினும், பட்டியில் விட்ட அளவிலேயே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இளநாய்க்கு ஓராண்டு நிரம்பும்போது விளையாட்டு மிகும். ஆட்டுக்குட்டியைத் துரத்தும், செவியைக் கவ்வி இழுக்கும், கம்பளியைப் பிய்க்கும். தீய எண்ணத்தால் அன்று. விளையாட்டாலேயே ஆட்டைக் காயப்படுத்திவிடும். அப்பொழுது ஆயன் உடனிருந்து அதட்டித் திருத்துதல் வேண்டும். முதிர்ந்த நாய்கள் உறுமி அடக்குவதும் உண்டு. ஏறத்தாழ இரண்டு வயது நிரம்பிய பின்னரே அதனை நம்பி மந்தையை ஒப்படைக்கலாம். அவசரப்பட்டு, 'இது பயன்படாது' என்று பதினைந்து மாத நாயைத் தள்ளிவிடுவோர் நல்ல காவலனை இழந்தவர் ஆவர்.

மந்தையின் இரவுக்காவலைச் சற்று நினைத்துப் பாருங்கள். யாய்லா எனப்படும் உயர்ந்த கோடை மேய்ச்சல் நிலத்தில் ஆடுகள் படுத்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரு நாய் தனித்துக் காவல் செய்வதில்லை. இரண்டோ மூன்றோ சேர்ந்து காக்கும். ஒன்று ஆடுகளின் நடுவே கிடக்கும். மற்றொன்று அருகிலுள்ள மேட்டின்மேல் ஏறி, காற்று வரும் திசையை நோக்கி முகத்தை நீட்டிப் படுத்திருக்கும். பகலில் உறங்கியதன் காரணம் இப்போது விளங்கும். இடையிடையே எழுந்து மந்தையைச் சுற்றி நடந்து, கற்களிலும் புதர்களிலும் சிறுநீர் கழித்துத் தன் எல்லையை அறிவித்துவரும். ஓநாய்க்கு அம்மணமே முதல் எச்சரிக்கை. ஐயுற்ற ஒலியோ மணமோ வந்தால், நாய் ஆழ்ந்த குரலில் குரைக்கும். அது இரண்டாம் எச்சரிக்கை. அதனையும் மதியாமல் பகை நெருங்குமாயின், நாய் ஓடிச்சென்று மந்தைக்கும் பகைக்கும் இடையே நின்றுகொள்ளும். வால் உயரும், கழுத்து மயிர் சிலிர்க்கும். ஆடுகள் பின்னே ஒன்றாக நெருங்கி நிற்கும்.

பெரும்பாலான இரவுகளில் பகை இவ்விடத்திலேயே முடிந்துவிடுகின்றது. காட்டு விலங்கிற்கு ஒரு கால் ஒடிந்தால் பட்டினி, பட்டினியால் இறப்பு. ஆகையால், ஓநாய் கணக்குப் பார்க்கும் விலங்கு. இங்கே இழப்பு மிகுதி என்று கண்டால், அது முயலையோ எலியையோ தேடி வேறிடம் சென்றுவிடும். ஓநாயைத் துரத்திக்கொண்டு நெடுந்தொலைவு ஓடிவிடும் நாயை ஆயர் விரும்புவதில்லை. அது அப்பால் சென்ற வேளையில் வேறோர் ஓநாய் மறுபுறம் வந்துவிடுமன்றோ? சிறிது தொலைவு துரத்திவிட்டு, உடனே மந்தையிடம் திரும்பி வரும் நாயே நல்ல நாய். இதன் பெருமையைப் பேசுவோர் பலர் அது கொன்ற ஓநாய்களை எண்ணுகின்றனர். ஓநாய் வந்தும் ஆடு குறையாத இரவுகளையே எண்ணுதல் வேண்டும் என்பது என் கருத்து.

சில வேளைகளில் போர் நேர்வதும் உண்டு. ஓநாய் முதலில் தாக்குமிடம் கழுத்து. ஆகவே, ஆயர் தம் நாயின் கழுத்தில் நீண்ட கூரிய முட்கள் பதித்த இரும்புப் பட்டையை அணிவிக்கின்றனர். இதுவும் பழமையானதொரு வழக்கம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வேளாண்மை பற்றி நூல் எழுதிய வார்ரோ என்னும் உரோமானிய அறிஞர், மந்தை நாய்க்கு ஆணிகள் பதித்த தோற்பட்டை அணிவிக்கும் முறையைக் கூறுகின்றார். ஆணித்தலைகள் நாயின் கழுத்தை உறுத்தாதபடி உள்ளே மெல்லிய தோல் தைக்க வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. பட்டை அணிவிப்பது போன்றே, குட்டியின் செவிகளை அறுத்துவிடும் வழக்கமும் ஆயரிடையே இருந்து வந்துள்ளது. சண்டையில் பகைவிலங்கு செவியைப் பற்றாதிருக்க அவ்வாறு செய்வதாகக் கூறுவர். முட்பட்டை நாய்க்குக் கவசமாவது. செவி அறுத்தல் நோவு தருவது. இரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணுதல் தகாது.

உணவிலும் இந்நாய் எளியதே. வாற்கோதுமை மாவை வெந்நீரில் குழைத்துச் செய்யும் களி போன்ற உணவை அங்கே யால் என்பர். பால் கடைந்து எஞ்சிய நீர் கிடைத்தால் அதையும் சேர்ப்பர். இவ்வளவு பெரிய உடல், இவ்வளவு எளிய உணவில் நிலைத்து நிற்பது வியப்பே. ஆயினும், குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் இது மட்டும் போதாது; இறைச்சியும் எலும்பும் வேண்டும்.

இங்கே ஒன்றைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். ஆடு அறுக்கும்போது ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்கு எறிவது தீமை விளைக்கும். நாயின் குடலில் வாழும் மிகச் சிறிய நாடாப்புழு ஒன்றுண்டு. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லில் விழும். புல்லை மேயும் ஆட்டின் உடலுள் அவை புகுந்து, ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளாக வளரும். அக்கட்டியைப் பச்சையாகத் தின்ற நாய்க்கு மீண்டும் புழு உண்டாகும். இச்சுழலில் மனிதனும் சிக்கிக்கொள்வது உண்டு. முட்டை ஒட்டிய கையைக் கழுவாமல் உண்பவன் உடலிலும் அக்கட்டி தோன்றும். அறுவை செய்து நீக்க நேரும். துருக்கியில் மட்டுமன்றி, ஆடும் நாயும் சேர்ந்து வாழும் நாடுகள் பலவற்றில் இந்நோய் இன்றும் உள்ளது. ஆகவே, அறுத்த ஆட்டின் உள்ளுறுப்புகளைப் புதைத்தோ எரித்தோ விடுதல், நாய்க்குக் காலந்தவறாமல் புழுமருந்து கொடுத்தல், வெறிநோய்த் தடுப்பூசி இடுதல் ஆகியவை பட்டையினும் களியினும் முதன்மையான பேணுதல்கள் ஆகும்.

இந்நாயின் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பது பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றில் நம் நாடும் வருகின்றது. இந்திய மன்னர் ஒருவர் உதுமானிய சுல்தானுக்கு ஒரு நாயைப் பரிசாக அனுப்பினாராம். அது சிங்கத்தோடு பொருது வென்றதாம். படையோடு செல்லும் வழியில் காங்கல் பக்கத்தில் காணாமற் போய், அங்கேயே தங்கிவிட்டதாம். கேட்பதற்கு இனிய கதை. சான்று கேட்டால் நிற்காத கதை. அனத்தோலியாவில் ஆடு மேய்த்தல் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஆடு இருந்த இடத்தில் ஓநாயும், ஓநாய் வந்த இடத்தில் நாயும் இருந்திருக்கும். கடுங்குளிரைத் தாங்காத குட்டியும், ஆட்டைக் கடித்த நாயும் எஞ்சவில்லை. எஞ்சியவற்றின் வழித்தோன்றல்களே இன்று நாம் காண்பவை. இவ்வாறு ஆயர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததனால் இவ்வினம் உருவாயிற்று என்று கொள்வதே பொருந்தும். பன்னாட்டு நாயினக் கழகத்தார் நெடுங்காலம் அனத்தோலிய மேய்ப்பு நாய் என்னும் பொதுப்பெயரால் குறித்து வந்ததை, 2018-ஆம் ஆண்டில் காங்கல் மேய்ப்பு நாய் என்று மாற்றினர்.

பெயர் பரவியதனால் ஒரு கேடும் விளைந்தது. உருவத்தின் பெருமையைக் கண்டு, ஆடும் இல்லை, வெளியும் இல்லை என்னும் நகரத்தார் பலர் இதனை வாங்கிச் சிறு முற்றத்தில் கட்டி வைக்கின்றனர். இரவில் ஒலிகேட்டால் குரைப்பது இதன் கடமை. நகரத்தில் இரவெல்லாம் ஒலியே. எல்லையைச் சுற்றி நடப்பது இதன் இயல்பு. சங்கிலியோ இரண்டு முழம். தானே முடிவு செய்து காவல் புரியுமாறு வளர்ந்த இனமாதலால், சொன்ன சொல்லுக்கெல்லாம் உட்காரவும் எழவும் இது உடன்படாது. இன்னும் சிலர் இதன் கடிவலியைப் பெரிய எண்களால் கூறிப் பெருமை பேசுவதோடு, நாயோடு நாயைப் பொரவிட்டுப் பந்தயம் கட்டுகின்றனர். துருக்கியில் 2004-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடை செய்துள்ளது. டென்மார்க் நாட்டார் 2010-ஆம் ஆண்டில் வளர்க்கக் கூடாதெனத் தடுத்த 13 நாயினங்களுள் காங்கலும் ஒன்று. ஆட்டுக்குட்டி தன் முதுகின்மேல் ஏறி மிதித்தாலும் அசையாது கிடக்கும் நாய்க்கு, கொடிய விலங்கு என்னும் பெயர் வந்தது யாரால் என்று எண்ணிப் பாருங்கள்.

இதனால், அந்நாய் எவர்க்கும் தீங்கு செய்யாதது என்று கொள்ளற்க. அனத்தோலியாவில் நடந்தோ மிதிவண்டியிலோ செல்வோர் மந்தையைக் கண்டால் அதன் நடுவே புகாமல் தொலைவில் விலகிச் செல்ல வேண்டும். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடலாகாது, கல்லெறியவும் கூடாது. நின்று, ஆயனைக் குரல்கொடுத்து அழைத்து, மெல்லப் பின்வாங்குதலே முறை. ஓடுகின்ற எதனையும் அது ஐயத்தோடே நோக்கும்.

காங்கலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இன்று ஆயர் தொழிலுக்கு இளைஞர் முன்போல் வருவதில்லை. நகரங்களில் வேலை தேடிச் செல்வோர் பலர். மந்தை குறைந்த ஊரில் நாய்க்கும் வேலை குறைகின்றது. அதே வேளையில், அந்நாயின் உறவினம் நெடுந்தொலைவிலுள்ள வேறொரு கண்டத்தில் புதிய வேலை பெற்றிருக்கின்றது.

ஆப்பிரிக்காவின் தென்மேற்கே உள்ள நமீபியா நாட்டில் சிவிங்கிப்புலிகள் மிகுதி. அவை ஆடுகளையும் கன்றுகளையும் பிடிப்பதனால் சினமுற்ற பண்ணையார்கள், 1980-களில் அவற்றை ஆயிரக்கணக்கில் சுட்டும் பொறிவைத்துப் பிடித்தும் ஒழித்தனர். லாரி மார்க்கர் என்னும் அம்மையார் 1990-ஆம் ஆண்டில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். பண்ணையாரிடம் சென்று, 'கொல்லாதீர்' என்று மட்டும் சொன்னால் அவர் கேட்பாரா? இழந்த ஆட்டுக்கு விடை சொல்ல வேண்டுமே! அதற்கு விடையாக அவ்வமைப்பினர் 1994-ஆம் ஆண்டு முதல் அனத்தோலியாவின் மந்தை நாய்களை வளர்த்துப் பண்ணையார்களுக்குக் கொடுத்து வருகின்றனர். சிவிங்கிப்புலி ஓட்டத்தில் வல்லது; சண்டையில் வல்லதன்று. மெல்லிய உடலில் காயம்பட்டால் ஓட முடியாது. ஓட முடியாவிடில் உணவில்லை. ஆகவே, குரைத்து எதிர்நிற்கும் பெரிய நாயைக் கண்டதும் அது விலகிப் போய்விடுகின்றது. நாய் பெற்ற பண்ணையார்களுள் மிகப் பலர் தம் இழப்பு பெரிதும் குறைந்ததாகக் கூறினர். துப்பாக்கியை எடுக்க வேண்டிய தேவையும் குறைந்தது. இந்தியாவில் அற்றுப்போயிற்று என்று 1952-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட சிவிங்கிப்புலியை மீண்டும் இங்கே வாழவைக்கும் பொருட்டு, 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டிற்கு முதன்முதல் வந்த எட்டு விலங்குகளும் அந்த நமீபியாவிலிருந்தே வந்தவை.

நமீபியாவின் ஒச்சிவரோங்கோ நகருக்கு அருகில் அவ்வமைப்பின் பண்ணை இருக்கின்றது. அங்கே பிறக்கும் நாய்க்குட்டிகள் வெள்ளாடுகளோடும் செம்மறிகளோடும் வளர்கின்றன. ஏறத்தாழ இரண்டு மாத வயதில் உழவர்களிடம் செல்கின்றன. அவை பனியைக் கண்டதில்லை, ஓநாயையும் கண்டதில்லை. ஆடு எழுந்தால் எழுகின்றன. ஆடு படுத்தால் முள்மரத்து நிழலில் தாமும் படுக்கின்றன. காற்றில் புதிய மணம் ஒன்று வந்தால், தலையை உயர்த்தி மந்தையைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, மீண்டும் ஆடுகளின் நடுவே வந்து கிடக்கின்றன.